மூன்றில் இரண்டு: பழைய ஒற்றைத் தோட்டா ரைபிள்களில் எதை வைத்துக்கொள்வது?

குன்னூரில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு தேக்கு பீரோ இருக்கிறது. 2020ஆம் ஆண்டு வரை அதில் மூன்று ரைபிள்கள் இருந்தன. மூன்றுக்கும் குழலின் அளவு .22 அங்குலம். மூன்றும் ஒரு முறைக்கு ஒரே ஒரு தோட்டாவை மட்டும் ஏற்பவை. அப்பாவின் கையில் மூன்றுமே காகித இலக்கைத் தவிர வேறெதையும் சுட்டதில்லை.

2019 டிசம்பர் 14 அன்று ஆயுதச் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. ஒரு சாதாரண உரிமதாரர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்றிருந்த வரம்பு இரண்டாகக் குறைந்தது. மூன்றாவதை ஓராண்டுக்குள் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும். பரம்பரைச் சொத்தாகப் பெறுகிறவர்களுக்கும் அதே இரண்டுதான்.

அப்பாவுக்கு அப்போது 82 வயது. அருவங்காடு கார்டைட் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வெடிமருந்தில் ஈரம் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதே தொழிலாக இருந்ததால், வீட்டிலும் ஈரத்தை எதிரியாகவே பார்த்தவர். "எதைக் கொடுப்பது என்று நீயே முடிவு செய், கண்ணு. எனக்கு மூன்றும் ஒன்றுதான்" என்றார். மூன்றும் ஒன்றல்ல என்பது அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்து 25 கஜ தூரத்தில் .22 சுட்டுப் பழகிய நாளிலிருந்து எனக்கும் இதில் ஆசை உண்டு. அந்த ஓராண்டு முழுவதையும் இந்தக் கேள்விக்கே கொடுத்தேன். கோத்தகிரியிலும் கொடைக்கானலிலும் இதே நிலையில் இருக்கும் குடும்பங்கள் இப்போதும் என்னைக் கேட்கின்றன. நான் எடைபோட்டுப் பார்த்த விதத்தை அவர்களுக்காக எழுதுகிறேன்.

மலையில் துப்பாக்கி என்றதுமே "காட்டுப்பன்றிக்கா?" என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. எங்கள் வாசலில் காட்டெருமை வந்து நின்று புல் மேய்ந்துவிட்டுப் போகிறது. நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு காத்திருக்கிறோம். இந்த ரைபிள்கள் செய்யப்பட்டதும் காகிதத்துக்காகத்தான். 50 மீட்டர் தூரத்தில், 10.4 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டத்துக்குள், அறுபது தோட்டாக்களையும் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய வட்டம். அந்த ஒரு வேலைக்காக ஒரு நூற்றாண்டாக மனிதர்கள் இரும்பையும் மரத்தையும் இழைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு இதில் வியப்பு.

மூன்றையும் சொல்கிறேன்.

முதலாவது, 1930களில் ஜெர்மனியில் செய்யப்பட்ட 'டாய்ச்சஸ் ஸ்போர்ட்மோடெல்'. சேகரிப்பவர்கள் டி.எஸ்.எம். 34 என்பார்கள். போல்ட் என்ற கைப்பிடியுள்ள இரும்புத் தண்டைத் தூக்கி இழுத்து ஒரு தோட்டாவை வைத்து மூடும் வகை. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஒரு ராணுவ அதிகாரியோடு கப்பலேறி வந்தது. அவர் குன்னூரை அடுத்த வெலிங்டனில் ஓய்வுபெற்றுச் சொந்த ஊருக்குத் திரும்பியபோது, 1964இல் முறைப்படி அப்பாவின் உரிமத்தில் ஏறியது. அப்பாவின் முதல் ரைபிள் இதுதான்.

இரண்டாவது, பர்மிங்காமில் செய்யப்பட்ட பி.எஸ்.ஏ. மார்ட்டினி இன்டர்நேஷனல், இரண்டாம் வடிவம், 1950களைச் சேர்ந்தது. பி.எஸ்.ஏ. என்றால் நமக்குச் சைக்கிள்தான் நினைவுக்கு வரும். அந்தப் பெயரின் விரிவிலேயே 'சிறு ஆயுதங்கள்' என்ற சொல் இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் தோட்டத்தை விட்டு இங்கிலாந்துக்குக் கிளம்பிய ஒரு துரையிடமிருந்து வந்தது.

மூன்றாவது, உல்ம் நகரத்து ஆன்ஷூட்ஸ் 1411. படுத்துச் சுடும் போட்டிக்கானது. 1954இல் அறிமுகமான 'மாட்ச் 54' போல்ட் அமைப்பைக் கொண்டது. வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதிக்குக் கதவு சாத்தப்படுவதற்கு முன், அன்றைய மதராஸில் ஒரு விற்பனையாளர் மூலம் அப்பா வாங்கியது.

ஆன்ஷூட்ஸ் இருக்கும், அதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அறுபதுகளிலிருந்து ஒலிம்பிக் .22 போட்டிகளில் சுட்டவர்களில் பெரும்பாலோர் கையில் இருந்த அமைப்பு அது. அதன் போல்ட்டை மூடும்போது கைக்கு ஒன்று தெரியும். தோட்டாவைச் சிறிய பள்ளத்தில் வைத்துக் கட்டைவிரலால் மெல்லத் தள்ளுகிறோம். ஈயத் தலையில் தடவிய மெழுகு விரலில் ஒட்டுகிறது. போல்ட் முன்னே போய்த் தோட்டாவின் விளிம்பை இரு பக்கமும் இரண்டு கொக்கிகளால் கவ்விக்கொள்கிறது. கைப்பிடியைக் கீழே இறக்கும் கடைசி அரை அங்குலத்தில், பித்தளைச் செம்பின் மரை மூடி இறுகுவதுபோல ஒரு மெல்லிய எதிர்ப்பு. தோட்டாவின் தலை குழலின் உட்சுவரில் வெட்டிய முறுக்கு வரிகளில் பதிகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு முறையும் அதே எதிர்ப்பு, அதே இடத்தில். இதை ஒருமுறை உணர்ந்தவர்கள், பத்துத் தோட்டா கொள்ளும் பெட்டியோடு வரும் ரைபிளை ஏன் இலக்குக்காரர்கள் விரும்புவதில்லை என்று கேட்க மாட்டார்கள். பெட்டியிலிருந்து ஏறும் தோட்டா சரிவில் உரசி ஏறும், மென்மையான ஈயத்தில் கீறல் விழும். கையால் வைத்தது கீறல்படாமல் போகும்.

இன்னொரு கணக்கும் உண்டு. எங்கள் உரிமத்தில் ஆண்டுக்கு 200 தோட்டாதான். அறுபது வீதம் மூன்று முழுச் சுற்று, மிச்சம் இருபது. அந்த இருபதும் குறி சரிபார்க்கவே போய்விடும். ஆண்டுக்கு 200 என்று எண்ணிச் சுடுகிறவருக்கு ஒற்றைத் தோட்டா ரைபிள் ஒரு குறையே அல்ல. ஒவ்வொரு தோட்டாவுக்கும் எழுந்து, மூச்சை ஒழுங்குபடுத்தி, மறுபடி கன்னத்தை ரைபிளின் மரக்கட்டையில் வைக்கும் பழக்கம் தானாக வந்துவிடும்.

ஆக, கேள்வி ஜெர்மனிக்காரனான டி.எஸ்.எம்.முக்கும் பர்மிங்காம்காரனான மார்ட்டினிக்கும் இடையில்தான்.

இலக்கைக் கேட்டால் விடை உடனே வந்துவிடும். கோயம்புத்தூர் சுடுதளத்தில் ஒரே நாளில் மூன்றையும் பத்துப் பத்தாகச் சுட்டுப் பார்த்தோம். ஆன்ஷூட்ஸ் போட்ட பத்தையும் பழைய எட்டணாக் காசால் மறைக்கலாம். மார்ட்டினி போட்டதை மறைக்கப் பழைய பெரிய ஒரு ரூபாய்க் காசு வேண்டும். டி.எஸ்.எம். போட்ட பத்தும் ஒரு நாட்டு எலுமிச்சம்பழ அளவுக்குப் பரவியிருந்தது. அண்ணன் பெங்களூரிலிருந்து தொலைபேசியில் கேட்டுவிட்டு, "இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஜெர்மன்காரனைக் கொடுத்துவிடு" என்றார். கேட்ட எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். நானும் முதல் மூன்று மாதம் அப்படித்தான் நினைத்தேன்.

மார்ட்டினியை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த அமைப்பின் வேர் அமெரிக்காவில், பீபாடி என்பவர் 1862இல் காப்புரிமை பெற்ற வடிவத்தில் இருக்கிறது. மார்ட்டினி என்பவர் அதை மாற்றியமைத்தார். 1871இல் பிரிட்டிஷ் ராணுவமே அதை ஏற்றது. படை அதைக் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆனபிறகும் பர்மிங்காம்காரர்கள் அதைச் சின்னதாக்கி இலக்குக்காகச் செய்துகொண்டே இருந்தார்கள். அடியில் உள்ள நெம்புகோலைக் கீழே தள்ளினால், உள்ளே பின்பக்கம் கீல்போட்ட ஒரு கனத்த இரும்புத் துண்டு முன்பக்கம் தாழ்ந்து தோட்டா அறையின் வாயைக் காட்டும். அந்தத் துண்டின் முதுகில் உள்ள வாய்க்காலில் தோட்டாவைச் சறுக்கிவிட வேண்டும். நெம்புகோலை மேலே இழுத்தால் வாய் மூடும். பின்னால் நீளும் போல்ட் கிடையாது. படுத்திருப்பவர் கன்னத்தை எடுக்கவே வேண்டாம். விசையை அழுத்தியதற்கும் தோட்டா வெடிப்பதற்கும் உள்ள இடைவெளியும் மிகக் குறைவு. கை நடுங்கும் நேரம் அந்த அளவுக்குக் குறைகிறது. நெம்புகோல் நடுவில் இருப்பதால் இடக்கைக்காரருக்கும் இது தோதானது. எங்கள் வீட்டில் ஓர் இடக்கைக்காரர் இருந்திருந்தால் என் முடிவு மாறியிருக்கும். அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் நாங்கள் இருப்பது குன்னூரில். 1,850 மீட்டர் உயரம். ஊட்டிக்குத் தென்மேற்குப் பருவமழை என்றால், மலையின் கிழக்குச் சரிவில் உள்ள குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் ஐப்பசி, கார்த்திகைதான் அடைமழைக் காலம். அந்த இரண்டு மாதமும் சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டும். புத்தக அட்டை வளையும், தோல் செருப்பில் ஒரே வாரத்தில் பச்சைப் பூஞ்சை பூக்கும். இரும்புக் குழலுக்குள் என்ன நடக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

டி.எஸ்.எம். அதற்குச் சாட்சி. அப்பா கைக்கு வருவதற்கு முன், அந்த ராணுவ வீட்டில் அது ஓர் அழகான தோல் உறைக்குள் பல மழைக்காலங்கள் கிடந்திருக்கிறது. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பதனிட்ட தோலில் உள்ள உப்பும் அமிலமும் இரும்பைத் தின்னும். உறையோடு வைத்தால் பத்திரம் என்று நினைப்பதுதான் மலை வீடுகளில் நான் மிக அதிகமாகப் பார்த்த தவறு. போல்ட்டைக் கழற்றிவிட்டு, பின்பக்கம் ஒரு வெள்ளைத் தாளை வெளிச்சத்தில் பிடித்து, குழல்வாய் வழியாகப் பார்த்தால், வரிகள் சுழன்று போகும் வெள்ளித் தகட்டில் முன்பாதி முழுவதும் அம்மை வடுபோலப் புள்ளிகள். அதனால்தான் அது எலுமிச்சம்பழ அளவுக்குப் பரப்புகிறது.

இந்த இடத்தில்தான் என் மனம் திரும்பியது. அந்த வடுக்களை என்னால் பார்க்க முடிகிறது. போல்ட் ரைபிளின் பெரிய குணம் அது. ஒரு விசையை அழுத்தி இழுத்தால் போல்ட் முழுதாகக் கையில் வந்துவிடும். பிறகு அது வெறும் நேர்க்குழாய். பின்னாலிருந்து கம்பியைச் செலுத்தி, தோட்டா போகும் திசையிலேயே துடைக்கலாம். துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பார்க்கலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் கற்றுக்கொடுத்துவிடலாம்.

மார்ட்டினியில் குழலுக்குப் பின்னால் கனத்த இரும்புக் கூடு குறுக்கே நிற்கிறது. கம்பியைக் குழல்வாய் வழியாகத்தான் விட வேண்டும், அல்லது கயிறு கட்டி இழுக்க வேண்டும். குழல்வாயின் உள்விளிம்புதான் ஒரு தோட்டாவைக் கடைசியாகத் தொடும் இடம். அது ஒரு பக்கம் மயிரிழை மழுங்கினாலும் பின்னால் வெளியேறும் வாயு தோட்டாவை ஒரு பக்கமாகத் தள்ளும். குழலின் உள்ளே எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. அந்தத் துரை இருபது ஆண்டு அப்படித்தான் கம்பியை உரசியிருக்கிறார். அப்பா வாங்கிய அன்றே பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, பித்தளையில் ஒரு சின்னக் கூம்பைக் கடைந்து கொண்டுவந்தார். குழல்வாயில் சரியாக உட்காரும், நடுவில் கம்பி போக ஒரு துளை. அதன் பிறகு ஐம்பது ஆண்டாக அந்தக் கூம்பு இல்லாமல் யாரும் மார்ட்டினியைத் துடைத்ததில்லை.

வறண்ட ஊர்களில் .22 குழலை அடிக்கடி துடைக்கவே வேண்டாம் என்பார்கள். அது உண்மையும்கூட. நவீனத் தோட்டாவின் எரிபொடி அரிப்பதில்லை. ஈயமும் மெழுகும் குழலில் ஒரு மெல்லிய பூச்சாக நின்று காக்கும். அளவுக்கு மீறித் துடைத்துக் கெட்ட குழல்கள், சுட்டுத் தேய்ந்த குழல்களைவிட அதிகமாக இருக்கும் என்று அப்பாவே சொல்வார். ஆனால் ஐப்பசிக் குன்னூரில் மூன்று வாரம் துடைக்காமல் விட முடியாது. அடிக்கடி துடைக்கவேண்டிய ஊரில், துடைக்கச் சிரமமான ரைபிள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். அப்பா கையில் தேயவில்லை. என் கையில் தேயாது என்று என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை.

இரண்டாவது காரணம் பாதுகாப்பு. வீட்டில் பேரப்பிள்ளைகள் ஓடுகிறார்கள். போல்ட் ரைபிள் என்றால் ரைபிள் ஒரு பூட்டில், போல்ட் வேறொரு அறையில் வேறொரு பூட்டில், தோட்டா மூன்றாவது பூட்டில். போல்ட் இல்லாத ரைபிள் வெறும் கம்பும் குழாயும்தான். மார்ட்டினியின் உள்ளுறுப்பை ஒவ்வொரு முறையும் பிணைப்பு ஆணியைத் தட்டிக் கழற்றி மாட்டுவது நடக்கிற காரியமா?

மூன்றாவது காரணத்தைச் சொன்னால் சிலருக்கு விசித்திரமாக இருக்கும். ஆன்ஷூட்ஸும் மார்ட்டினியும் ஒரே வேலையைச் செய்கின்றன. இரண்டுமே கனமானவை, படுத்துச் சுடுவதற்கானவை. பின்னால் துளைக் குறியும் முன்னால் வளையக் குறியும் வேண்டுபவை. ஆன்ஷூட்ஸ் பீரோவில் இருக்கும் வரை நான் எந்த ஞாயிற்றுக்கிழமையும் மார்ட்டினியை எடுக்கப்போவதில்லை. டி.எஸ்.எம். வேறு சாதி. எடை குறைவு. குறி திறந்தது, 25 மீட்டரிலிருந்து 200 மீட்டர் வரை நகர்த்தக்கூடிய தகடு. என் அக்கா மகள் பதினாறு வயதில் தேசிய மாணவர் படையில் சேர்ந்திருக்கிறாள். உரிமத்துக்கான வயது வந்து, அவள் என் பக்கத்தில் சுடுதளத்தில் படுக்கும்போது தோளுக்கு இதுதான் ஏற்றது. சிறந்த இரண்டை வைத்துக்கொள்வதைவிட, இரண்டு வெவ்வேறு கைகளுக்கு உதவும் இரண்டை வைத்துக்கொள்வது மேல் என்பது என் துணிபு. வடு விழுந்த குழலுக்கு வழி இல்லாமலும் இல்லை. பழைய குழலைத் துளையிட்டு உள்ளே புதிய வரிக்குழாயைச் செருகும் முறை இங்கிலாந்தில் நெடுங்காலமாக உண்டு. இங்கே அதற்கு உரிமமும் தகுந்த கைவினைஞரும் வேண்டும், அது தனிக் கதை.

டி.எஸ்.எம். பற்றி இன்னொன்றையும் சொல்லாமல் போக முடியாது. அது 1934இல், ஹிட்லரின் ஆட்சியில், இளைஞர்களைப் படைக்குத் தயார் செய்வதற்காக வடிவமைக்கப்பட்டது. போல்ட்டின் கைப்பிடி, பட்டை மாட்டும் இடம், குறித்தகடு எல்லாம் அவர்களுடைய ராணுவ ரைபிளைப் பார்த்துச் செய்தவை. விளையாட்டு மாதிரி என்ற பெயருக்குப் பின்னால் போர் இருந்தது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு சில நாள் என்னால் அதைத் தொட முடியவில்லை. அப்பாவிடம் சொன்னேன். "அதை வைத்திருந்தவர் அவர்களை எதிர்த்துப் போரிட்டவர்" என்று மட்டும் சொன்னார். அந்த வரலாற்றை மறைக்காமல் பிள்ளைகளுக்குச் சொல்வது என்று முடிவு செய்துதான் அதை வைத்துக்கொண்டேன். மனம் ஒப்பாதவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே அதைக் கொடுத்துவிட்டால் நான் மறுத்துப் பேச மாட்டேன்.

புதிதாக ஒன்றை வாங்க நினைப்பவர்களுக்கு, மூன்றையும் வைத்துக் கற்றுக்கொண்ட சில விஷயங்கள். 1980களிலிருந்து சாதாரண உரிமதாரர் வெளிநாட்டு ரைபிளை இறக்குமதி செய்ய வழியில்லை. அதனால் இந்தியாவில் இருக்கும் பழைய ஜெர்மன், ஆங்கிலேய, செக் ரைபிள்களே கைமாறிக்கொண்டிருக்கின்றன. பெயருக்குப் பணம் கொடுக்காதீர்கள், குழலுக்குக் கொடுங்கள். போல்ட்டில் உள்ள எண்ணும் குழலில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். உரிமப் புத்தகத்தில் உள்ள எண்ணோடும் ஒப்பிடுங்கள். எண்ணெயில் நனைத்த இறுக்கமான துணித்துண்டைக் கம்பியில் மாட்டிப் பின்னாலிருந்து மெதுவாகத் தள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாததைக் கை சொல்லும். ஓர் இடத்தில் திடீரென்று தளர்ந்து மறுபடி இறுகினால், அங்கே குழல் வீங்கியிருக்கிறது. வெளிச்சத்தில் அந்த இடம் கறுப்பு வளையமாகத் தெரியும். முன்பு எப்போதோ ஒரு தோட்டா உள்ளே சிக்கியிருக்க, அடுத்ததைச் சுட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்டதை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

தோட்டா அறையின் வாயையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். .22 தோட்டாவில் வெடிப்பது விளிம்புதான், நடு அல்ல. தோட்டா இல்லாமலே விசையை அழுத்தி விளையாடியிருந்தால், தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசி நேராக அறையின் விளிம்பில் குத்திப் பள்ளம் போட்டிருக்கும்.

கட்டையைப் பளபளவென்று புதிதாக்கி விற்றால் சந்தேகப்படுங்கள். எங்கள் ஆன்ஷூட்ஸின் வால்நட் கட்டையில் ஒரு கீறலைச் சரிசெய்யச் சொல்லி ஒருமுறை ஒருவரிடம் கொடுத்தோம். அவர் முழுவதையும் உப்புத்தாளால் தேய்த்து, கண்ணாடிபோல வார்னிஷ் அடித்துத் திருப்பிக் கொடுத்தார். அந்த மரத்தின் பழைய எண்ணெய்க் கருமை போனது போனதுதான். ஆளிவிதை எண்ணெயை ஆண்டுக்கு இரண்டு முறை உள்ளங்கைச் சூட்டில் தேய்த்தாலே போதும். ஊர்த் தயாரிப்பு ஆயிற்றே என்று யூகலிப்டஸ் தைலத்தால் துடைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அது பிசினைக் கரைக்கும் பொருள். பழைய மெருகையும் சேர்த்துக் கரைத்துவிடும்.

மரம் ஈரத்தில் ஊதும், பனியில் சுருங்கும். ரைபிளைக் கட்டையோடு பிணைக்கும் திருகாணிகளை அப்பா ஆடி முதலிலும் தை முதலிலும் ஒரே இறுக்கத்துக்குச் சரிபார்ப்பார். அதைச் செய்யாத ஆண்டில் குறி இடம் மாறியிருக்கும். பீரோவுக்குள் இரவும் பகலும் ஒரு சின்ன பல்பு எரியும். மலை வீடுகளில் பட்டுப் புடவைக்குச் செய்வதுதான். சிலிக்கா மணிகள் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பானால் வாணலியில் இட்டு வறுத்து மறுபடி வைப்போம்.

மேட்டுப்பாளையம் இறங்கும்போது ஒரு கவனம் வேண்டும். அதிகாலையில் மலைக் குளிரில் ஊறிய இரும்பு, கீழே வெதுவெதுப்பான ஈரக்காற்றில் பட்டதும் வியர்க்கும். ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்பக்கம்போல. வெளியே துடைத்துவிடலாம், உள்ளே தெரியாது. சுடுதளத்துக்குப் போய் ஒரு மணி நேரமாவது பெட்டியைத் திறக்காமல் வைத்து, ரைபிள் ஊரின் சூட்டுக்கு வந்தபிறகுதான் திறக்க வேண்டும். தேர்தல் அறிவிப்பு வந்தால் காவல் நிலையத்தில் வாரக்கணக்கில் ஒப்படைக்க நேரிடும். அப்போது உள்ளும் புறமும் எண்ணெய் பூசி, குறிக்கருவிகளைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டு, எண் குறித்த ரசீதைக் கையோடு வாங்குங்கள்.

பிள்ளைகளுக்கு விளையாட்டு வேண்டும், அவ்வளவுதான் என்பவர்கள் இந்தச் சுமையை ஏற்க வேண்டாம். 10 மீட்டர் காற்று ரைபிள் போதும். அதற்கு மழையும் பெரிய பகையல்ல.

இனி அந்த மூன்றாவது. அதற்கு மூன்று வழிகள் இருந்தன. காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு மறப்பது ஒன்று. குழலை அடைத்து, சுட முடியாதபடி நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்து, சுவரில் மாட்டுவது இன்னொன்று. அண்ணனுக்கு இந்த யோசனை பிடித்திருந்தது. எனக்கு அது ஒரு வீணையின் குடத்தில் சிமெண்ட் ஊற்றி வரவேற்பறையில் வைப்பதுபோலத் தோன்றியது. துருவுக்கும் பூஞ்சைக்கும் ஐம்பது ஆண்டு தப்பிய குழலை நம் கையாலேயே அடைப்பதா? மூன்றாவது வழி, உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் வைத்து, முறையான உரிமமுள்ள இன்னொரு இலக்குக்காரரிடம் அது போய்ச் சேர விடுவது. மற்ற இரண்டு வழியிலும் அந்த ரைபிள் இனி சுடாது. இதில் மட்டும்தான் சுடும்.

2020 நவம்பரில், ஊரடங்கு தளர்ந்த ஒரு செவ்வாய்க்கிழமை, அப்பாவும் நானும் மார்ட்டினியைக் காரில் வைத்துக்கொண்டு கோயம்புத்தூர் இறங்கினோம். கடையில் எண்ணைப் பதிவேட்டில் எழுதினார்கள். அப்பா நெம்புகோலை ஒருமுறை கீழே தள்ளி, அறை காலியாக இருப்பதை விரல் வைத்துத் தடவிப் பார்த்து, மேலே இழுத்து மூடினார். பிறகு சட்டைப்பையிலிருந்து அந்தப் பித்தளைக் கூம்பை எடுத்து, நெம்புகோலில் நூலால் கட்டினார். மூன்று முடிச்சு. "இது ரைபிளோடுதான் போகவேண்டும். தனியாகக் கொடுக்காதீர்கள்" என்றார். கடைக்காரர் ரசீதில் அதையும் எழுதிக்கொண்டார்: பித்தளைத் துண்டு, ஒன்று.

பதினான்கு மாதம் கழித்து அங்கிருந்து தொலைபேசி வந்தது. பொள்ளாச்சிக்காரர் ஒருவர் வாங்கியிருக்கிறாராம். நூலில் தொங்கும் அந்தப் பித்தளை எதற்கு என்று கேட்கிறாராம். நான் அப்பாவிடம் கொடுத்தேன். காது சரியாகக் கேட்காததால் அவர் சத்தமாகப் பேசினார். கம்பியை எந்தப் பக்கம் சாய்க்கக் கூடாது, துணி எவ்வளவு தடிமன், ஐப்பசியில் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று இருபது நிமிடம் விளக்கினார். பொள்ளாச்சியில் ஐப்பசி எப்படி இருக்கும் என்றும் கேட்டுக்கொண்டார்.